ஒரு பக்கம் மட்டும் ஓடிய ரயில்

மகனே,

சஹனா இங்கே வந்துவிட்டு ஹைதராபாத் திரும்பியதிலிருந்து நீ என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். "மாடியில என்னதாம்மா நடந்துச்சு? அவகிட்ட கேட்டா சிரிக்கிறா. அப்பாகிட்ட கேட்டா உங்கம்மாவையே கேளுங்கறார்." நானும் இதுவரை மழுப்பிக்கொண்டே வந்தேன். வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா என்ற முறையில் நான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய சமயம் இது. ஆனால் என்னிடம் இருப்பது முழுக்க என் பொறாமைக் கதைதான். அதிலிருந்து உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள்.

நம் வீட்டு மாடி அறை எனக்கு எப்போதும் வேறு யாருடைய வீடோ போலத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட ஈரக் கையைத் துடைத்தும் துடைக்காமலும் நீயும் அப்பாவும் மேலே போய்விடுவீர்கள். அப்பா நஞ்சன்கூட்டில் வளர்ந்தவர், உன் தாத்தா அங்கே ஸ்டேஷனில் வேலை பார்த்தார், இதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த நீராவி எஞ்சின் காலத்துப் பாதையைத்தான் அவர் ப்ளைவுட் பலகைமேல் பொம்மை ரயில் பாதையாகக் கட்டிக்கொண்டிருந்தார். இங்கே மைசூர் ஹெப்பாள் தொழிற்சாலையில் வாரம் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையும் இரும்புதான் வேண்டியிருந்தது. நான் கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டு உங்கள் பேச்சைக் கேட்பேன். என்ன பேசுகிறீர்கள் என்பது முழுதாகக் காதில் விழாது. சண்டை போடுகிறீர்கள் என்பது மட்டும் தெரியும். "இது ரயில் மாதிரி இல்லப்பா, பொம்மை மாதிரி இருக்கு. வளைவு ரொம்பக் குறுகல்" என்று நீ கத்துவாய். "பலகை இவ்வளவுதான்டா இருக்கு, சுவத்த இடிக்கவா?" என்று அவர் கத்துவார். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை காப்பி எடுத்துக்கொண்டு மேலே வந்து, தம்ளரை வைத்துவிட்டு உடனே திரும்பாமல் சுவரோரம் நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். மரியாதையான சிரிப்பு. நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். நோயாளியின் சொந்தக்காரர் யாராவது தவறிப்போய் உள்ளே தலையை நீட்டினால் நாங்கள் சிரிப்போமே, சீக்கிரம் வெளியே போங்கள் என்று அர்த்தம் வைத்து, அதே சிரிப்பு. நான் இறங்கி வந்துவிட்டேன். கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். கோபமாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். அது பொறாமை. ஒரு பலகைமேல், அதன்மேல் ஒட்டியிருந்த தண்டவாளத்தின்மேல், என் கணவர்மேல், நான் பெற்ற பிள்ளைமேல்.

அப்புறம் நீ சஹனாவை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாய். பல் டாக்டர், கன்னடக்காரப் பெண், கறி சாப்பிட மாட்டாள் என்று நீ முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் காலையிலிருந்து அவளுக்கென்று தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். அப்பா, "ஒரு நிமிஷம் மேல வந்து பாத்துட்டுப் போம்மா" என்று அவளைக் கூப்பிட்டுப் போனார். ஒரு நிமிஷமா அது? பருப்பு ஆறி, பொரியல் ஆறி, நீ கூடக் கீழே வந்து சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டாய். அவர்கள் வரவில்லை. நான் மாடிப்படியின் பாதிவரை ஏறி நின்று பார்த்தேன். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் குச்சி அவள் கையில் இருந்தது. அப்பா தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "சூடு கம்பிமேல படணும், ஈயத்துமேல இல்ல" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் உன்னைத் தவிர யாரிடமும் அவர் அந்தக் குச்சியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் நம் வீட்டு வாசற்படி மிதித்து முழுசாக ஒரு மத்தியானம் ஆகவில்லை.

அவள் தலைமுடியில் சால்டரிங் புகை வாசத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது நான் தமிழில் கேட்டேன், உனக்கு நினைவிருக்கும். "பல் டாக்டருக்குப் பொம்மை ரயில்ல என்ன வேலையாம்?" அவளுக்குப் புரியவில்லை. உன் பக்கம் திரும்பினாள். "ரயில் புடிச்சிருக்கான்னு அம்மா கேக்கறாங்க" என்று நீ கன்னடத்தில் சொன்னாய். அவள் முகம் மலர்ந்து, "தும்ப சென்னாகிதெ" என்றாள் என்னிடம். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். எனக்கும் கன்னடம் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய். அன்றைக்கு நீ நல்லது செய்வதாக நினைத்தாய். ஆனால் இப்படி நடுவில் நின்று வழவழவென்று பேசி இரண்டு பக்கமும் பூசி மெழுகுகிற ஆண்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவள் அன்றைக்கே என்னிடம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் எங்கள் கணக்கு ஒரு வருஷம் முன்னாலேயே தீர்ந்திருக்கும்.

கல்யாணம் முடிந்தது. நீங்கள் போனீர்கள். சில வாரங்கள் அப்பா மாடிக்கே போகவில்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன். சாயங்காலம் இருவரும் நடக்கப் போனோம், சந்தையில் சேர்ந்து காய்கறி பொறுக்கினோம். அதற்குள் ஒரு நாள் அவர் தச்சரை வரவழைத்துப் பலகையை ஜன்னல்வரை நீட்டிவிட்டார். நீ வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத அகலமான வளைவு. ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் ரயில் மெல்லத் திரும்புகிற இடம். சின்ன வயதில் பாலத்துக்குக் கீழே நின்று அவர் பார்த்த திருப்பமாம் அது. அதைக் கட்டும்போது நீ பக்கத்தில் இல்லையே என்று நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை. போனைச் சுவரில் சாய்த்துவைத்து வீடியோவில் சஹனாவைக் கூப்பிட்டுவிட்டார்.

தினமும் அதே கதை. நான் கீழே இருப்பேன், அவர் மேலே அவளோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது அறைக்கதவு திறந்திருந்தது. அவர் ஒரு நீளமான மெல்லிய மரச்சட்டத்தை வளைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை துள்ளிக்கொண்டு போனது. போனுக்குள்ளிருந்து அவள், "மாவா, ஒருத்தரா பண்ண முடியாது அது. அத்தெயைக் கூப்பிடுங்க" என்று கன்னடத்தில் சொன்னாள். அவளுக்கு மாமனார் மாவா, நான் அத்தெ. அதற்கு உன் அப்பா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவளிகெ இதெல்லா இஷ்ட இல்லம்மா."

அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானும் பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ சொன்னதில்லை. எப்படியோ அது முடிவாகி, எனக்குப் பிடித்த குழம்பு மாதிரி, எனக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை மாதிரி, என்னைப் பற்றிய ஒரு தகவலாக ஆகிவிட்டது. அதை அவர் நேற்று வந்த ஒரு பெண்ணிடம் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் ஒரு குடும்பம் நடத்துகிறாய், இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படி. உன் பெண்டாட்டிக்கு எது பிடிக்காது என்று உனக்குத் தெரிந்ததையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை அவளிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள். நான் ஈரக் கையோடு உள்ளே போனேன். "எந்த முனையப் பிடிக்கணும்?" என்றேன். அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையத் துடைச்சுட்டு வா" என்றார்.

அந்த வளைவைப் போடுவது எப்படி என்று நீயே ஒரு காலத்தில் அவருக்குப் பாடம் நடத்தியவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டத்துண்டு மாதிரி வளைவு இருந்தால் ரயில் நேராக வந்து சட்டென்று வெட்டித் திரும்பும், பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். நிஜத்தில் அப்படித் திரும்பாது. திரும்புவதே தெரியாமல் திரும்பத் தொடங்கி, நடுவில் நன்றாக வளைந்து, மறுபடி தெரியாமலே நேராகும். அதற்குத்தான் அந்த மரச்சட்டம். ஒரு முனையை நேர்ப்பாதையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையை இழுத்தால் சட்டம் தானே அந்த வளைவை எடுத்துக்கொள்கிறது. நான் பிடித்தேன், அவர் இழுத்தார், பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

தண்டவாளத்தை வளைத்த பிறகு இணைத்தால் இணைப்பில் கோணல் விழும், அதனால் நேராக வைத்துச் சால்டர் செய்துவிட்டு அப்புறம்தான் வளைக்க வேண்டும். நானே செய்கிறேன் என்றேன். குச்சியை அவர் உடனே கொடுத்துவிட்டார். தியேட்டரில் எத்தனையோ டாக்டர்களுக்குக் கேட்காமலே கருவி எடுத்துக் கொடுத்த கை இது, ஓய்வு பெற்ற பிறகும் நடுங்கியதில்லை. முதல் இணைப்பு, இரண்டாவது இணைப்பு, எல்லாம் நானே. இணைத்த நீளத் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டின்மேல் படுக்கவைத்தோம். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும் என்று பழைய காலண்டர் அட்டையைச் சீவி அடியில் சொருகினோம். ஜல்லிக்கு, நொறுக்கிய கருங்கல்லை என் டீ வடிகட்டியில் சலித்தோம். வீட்டில் இரண்டு நாள் டீத்தூள் மிதக்கிற டீதான். எஞ்சினும் பெட்டிகளும் முதல் தடவை அந்த வளைவில் போனபோது, உள்பக்கமாக லேசாகச் சாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக, எதுவுமே திரும்புகிற மாதிரி தெரியாமல் திரும்பின. அப்பா என் தோளைத் தட்டி, "நல்லா வந்திருக்கு" என்றார். நான் இந்த வயதில் வெட்கப்பட்டேன்.

அடுத்த நொடியே அவர் போனை எடுத்து வீடியோ பிடித்து முதலில் சஹனாவுக்கு அனுப்பினார். "சூப்பர் மாவா" என்று பதில் வந்தது. மாவாவாம். அத்தெயின் கை அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

அவளுடைய தோழியின் கல்யாணத்துக்காகப் போன மாதம் அவள் மட்டும் மைசூர் வந்தாளே, அதற்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து எனக்கு முத்துத் தோடு கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரு துணிச்சுருள். அதற்குள் அவள் கிளினிக்கில் தேய்ந்துபோன பல் கொக்கிகள், சொத்தையைக் குத்திப் பார்ப்பார்களே, அவை. ஜல்லிக்கிடையே காய்ந்த பசையைச் சுரண்ட அதைவிட நல்ல கருவி கிடையாது என்று அப்பா துள்ளிக் குதித்தார். தோடு விலை உயர்ந்தது, எனக்குத் தெரியும். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே போனோம். நான்தான் வளைவைக் காட்டினேன், அப்பாவை முந்திக்கொண்டு. அவள் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து வளைவு முழுக்கப் பார்த்தாள். நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவே ஸ்டேஷன் உள்ள வர்ற மாதிரி இருக்கு அத்தெ" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவள் ஒரு கொக்கியை எடுத்தாள். அதன் நுனியைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் வைத்து, நோயாளியின் பல்வரிசைமேல் இழுப்பதுபோல மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கை நின்றது. பின்னால் கொண்டுபோய் மறுபடி இழுத்தாள். மறுபடி அங்கேயே நின்றது.

"இல்லி ஏனோ இதெ அத்தெ."

இங்கே ஏதோ இருக்கிறதாம். என் இரண்டாவது இணைப்பு. நான் பதில் சொல்வதற்குள் அப்பா குறுக்கே வந்து, "அது ஒண்ணும் இல்லம்மா, ரயில் நல்லாத்தான் போகுது" என்றார். அவள் வெகுளியாக, "ரிவர்ஸ்ல தள்ளிப் பாத்தீங்களா மாவா?" என்று கேட்டாள். அவள் ஸ்விட்சைத் திருப்பினாள். எஞ்சின் பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வளைவுக்குள் வந்தது. என் இணைப்பு வந்ததும், முன்னால் போகும்போது தட்டாத விளிம்பில் கடைசிப் பெட்டி முட்டி ஒரு குதி குதித்துத் தடம் புரண்டது. "சக்கரத்துல தூசி" என்றார் அப்பா. பெட்டியைத் துடைத்து வைத்தார். மறுபடி தள்ளினாள். மறுபடி அங்கேயே விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளைவு முடிந்த நாளிலிருந்து உன் அப்பா அந்த ரயிலை ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவைகூடப் பின்னால் தள்ளியதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே "நல்லா வந்திருக்கு" என்று தோளைத் தட்டியிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சின்ன விஷயம்தானே. விடு."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நீ அவ்வளவு ஆசையா செஞ்சே. எதுக்குச் சொல்லணும்னு..."

"இதே இணைப்ப உங்க மகன் போட்டிருந்தா?"

அவர் தலையைச் சொறிந்தார். "பிச்சு எறிஞ்சிருப்பேன்."

"இவ போட்டிருந்தா?"

"இவளையும் திட்டியிருப்பேன். அது வேற."

அந்த "வேற" என்ற சொல்தான். பொறாமை என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உன்னை அவர் எத்தனை தடவை முட்டாள் என்று திட்டியிருக்கிறார், நீ எத்தனை ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படியிறங்கி வந்திருக்கிறாய். அந்தத் திட்டுக்காக அன்றைக்கு நான் ஏங்கினேன். உன்னிடமும் சஹனாவிடமும் சண்டை போடலாம், ஏனென்றால் நீங்கள் அந்த அறையின் ஆட்கள். நான் விருந்தாளி. விருந்தாளி உடைத்த தம்ளருக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீயும் உன் அப்பாவைப்போல மென்மையான ஆள்தான். நாளைக்கே சஹனா ஏதாவது கோணலாகச் செய்து, நீ புன்னகையோடு "பரவாயில்ல" என்று சொல்வதற்கு முன்னால், அவளோடு சண்டை போடத்தக்க காரியமா அது என்று ஒரு கணம் பார். சண்டைக்கு அவள் தகுதியானவள் என்று நீ காட்ட வேண்டிய நேரங்களும் வரும்.

"அப்போ பிச்சு எறிங்க" என்றேன்.

"வேண்டாம். ஜல்லியெல்லாம் ஒட்டியாச்சு, அட்டை எல்லாம் போயிடும்."

நானே அந்தக் கொக்கியை அவள் கையிலிருந்து வாங்கி ஜல்லியைக் கிளறத் தொடங்கினேன். கோபத்தில் செய்தேன். பார்ப்பவர்களுக்கு நிதானமாகச் செய்வதுபோலத்தான் இருந்திருக்கும், அந்தத் தொழிலில் பழகிய கை. அப்பா இரண்டு தடவை வாயைத் திறந்தார். சஹனா அவரிடம், "மாவா, நீங்க கீழ போய் காஃபி போட்டுட்டு வர்றீங்களா?" என்றாள். உன் அப்பா காப்பி போடப் போனார். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று படியிலிருந்து கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஜல்லியைக் கிளறுவதிலேயே இருந்தோம்.

நானும் உன் மனைவியும் மட்டும் அந்த அறையில். அவள் தண்ணீர் தெளித்துப் பசையை இளக்கினாள், நான் சுரண்டினேன். தண்டவாளத்தைத் தூக்கி, என் இணைப்பை வெட்டி, நேராக வைத்துப் பிடித்தாள். நான் சால்டர் வைத்தேன். "இன்னொரு செகண்ட் சூடு வேணும்" என்றாள். "எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சா ஏன் எடுத்தீங்க?" என்றாள். கன்னடத்தில் அது இன்னும் காரமாக இருந்தது. மகனே, எனக்கு மனசு குளிர்ந்துபோனது. ஒரு மனுஷி அந்த அறையில் என்னைத் திட்டிவிட்டாள்.

தண்டவாளம் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசத் தொடங்கினாள். முழுக்கக் கன்னடத்தில் சொன்னாள், நான் என் மொழியில் எழுதுகிறேன். "அத்தெ, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. அவர் உங்ககிட்ட போன்ல பேசறப்போ நான் பக்கத்துலதான் இருப்பேன். அவ்வளவு நேரம் பேசறார், விழுந்து விழுந்து சிரிக்கிறார். வெச்சதும் என்ன விஷயம்னு கேட்டா, ஒண்ணுமில்ல, சும்மா அம்மா பேச்சுங்கறார். என்கிட்ட பேசறப்போ அவர் அப்படிச் சிரிச்சதே இல்ல." உரித்த பசையைக் கீழே போட்டாள். "நனகெ ஹொட்டெ உரி ஆகத்தெ."

ஹொட்டெ உரி. வயிற்றெரிச்சல். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் வயிற்றில்தான் எரிகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. நான் சிரித்துவிட்டேன். அவள் பயந்து நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்று செய்துகொண்டிருந்தேன், உனக்குக்கூடத் தெரியாது. உன்னோடு பேசும்போது பின்னால் அவள் குரல் கேட்டால் என் தமிழ் வேகமாகிவிடும். கன்னடச் சொல் ஒன்றுகூடக் கலக்காமல், என் அம்மா வீட்டுப் பேச்சாக, அவள் எவ்வளவு காது கொடுத்தாலும் பிடிக்க முடியாதபடி பேசுவேன். அந்த ஒரு அறைதான் என்னிடம் இருந்தது. அதற்கு ஒரு கதவு போட்டு வைத்திருந்தேன்.

அதை அவளிடம் அப்படியே சொன்னேன். "வேணும்னே செஞ்சேன்" என்றேன்.

"நங்கெ கொத்தித்து அத்தெ" என்றாள். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்ததாம்.

தெரிந்தும் முத்துத் தோடு வாங்கிவந்திருக்கிறாள். அவளும் என்னை விருந்தாளியாகத்தான் வைத்திருந்தாள், அப்பாவைப்போலவே, மரியாதையாக, ஒரே பக்கமாக. அதை அவளிடம் சொல்லவில்லை. கொக்கியை அவள் கையில் கொடுத்து, "மத்த இணைப்பையும் குத்திப் பாரு. இருந்தா சொல்லு. பூசி மெழுகாதே" என்றேன். முதல் இணைப்பிலும் இருந்தது. சொன்னாள். அதையும் வெட்டினோம்.

அவள் ஊருக்குக் கிளம்புகிற நாளில்தான் வேலை முடிந்தது. புது ஜல்லி இன்னும் ஈரம். அப்பா வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளினாள். பெட்டிகள் வளைவுக்குள் நுழைந்து, சாய்ந்து, எங்கேயும் குதிக்காமல் பாலத்தின்மேல் போய் நின்றன. யாரும் யாருடைய தோளையும் தட்டவில்லை. "ஜல்லி நிறம் பழசோட சேரல" என்றார் அப்பா. "நீங்க கலக்கின நிறம்தான் அது" என்றேன். "நான் எப்பக் கலக்கினேன்?" என்று அவர் ஆரம்பித்தார். சஹனாவின் ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறவரை அந்தச் சண்டை ஓயவில்லை. அவள் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போதும் தினம் ஒரு சண்டை நடக்கிறது. நேற்று சிக்னல் கம்பத்தை எங்கே நடுவது என்பதில் அவர் என்னை முட்டாள் என்றார். நான் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னேன், எழுத முடியாது.

பொறாமை போய்விட்டதா என்று நீ கேட்கலாம். போகவில்லை. சஹனாவின் போன் வந்தால் அப்பா முகம் மலர்கிறதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. உன் சிரிப்பில் பாதியை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் அதைவிட அதிகம். ஆனால் அவளுக்கும் எரிகிறது என்று தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் துணை கிடைத்த மாதிரி இருக்கிறது. அதனால் ஒன்று செய். அடுத்த தடவை எனக்குப் போன் போட்டதும் நீ பேசாதே, அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள். கன்னடம் பாதி, தமிழ் பாதியாக நாங்கள் வெகுநேரம் பேசுவோம், சிரிப்போம். வைத்த பிறகு என்ன விஷயம் என்று நீ அவளைக் கேட்பாய். ஒன்றுமில்லை, சும்மா அத்தெ பேச்சு என்று அவள் சொல்லுவாள். நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அம்மா